மாடிப்படிக்குப் போட்ட கேட்

எங்கள் மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. வந்த அன்றைக்கே மாடிப்படியில் ஏறிவிட்டாள்.

வாசலில் என் அக்கா ஆரத்தி எடுத்தார். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே வந்து, கூடத்தில் இறக்கிவிட்டாள். அக்கா கொண்டு வந்திருந்த சாப்பாட்டுச் சாமான்களைச் சமையலறையில் வைக்க நான் திரும்பினேன். மனைவி கைப்பையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. நான் வெளியே வந்து பார்த்தபோது பிள்ளை படியில் பாதிக்கு மேல் போய், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என் கையில் எந்தக் கனமும் கொடுக்காமல், ஒரு துணிமூட்டை மாதிரி வந்தாள்.

"மிச்சம் தைரியம்லா இந்தப் புள்ளைக்கு" என்றார் அக்கா.

நாங்கள் மலாக்கா பக்கம் சுங்கை ஊடாங்கில், பெட்ரோல் சுத்திகரிக்கும் எண்ணெய் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் வரிசையாக வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு தாமானில் இருக்கிறோம். என் வேலை சாரம் கட்டுவது. ஆலையில் குழாய்க்கோ தொட்டிக்கோ பழுது பார்க்க ஆட்கள் மேலே ஏற வேண்டுமென்றால், அதற்கு முன் நாங்கள் போய்க் குழாயும் பலகையும் வைத்து நிற்க இடம் செய்து கொடுப்போம். மனைவி ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். திருமணமாகிப் பல வருடங்கள் மருத்துவமனைகளுக்கு நடந்தோம். ஒரு கட்டத்தில் மனைவியே "போதுங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. பிறகொரு நாள், ஜாசின் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, போய்ப் பார்த்தோம். தத்தெடுக்கச் சமூக நல இலாகாவில் எழுதிக் கொடுத்தோம். அனுமதி வரும்வரை மாதக்கணக்கில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் அவளோடு விளையாடிவிட்டு வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பும்போது அவளும் எங்களோடு காரில் இருந்தாள்.

மாடிப்படி எங்கள் குடும்பத்துக்கே புதிது. அப்பாவும் அம்மாவும் செம்பனைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வாழ்ந்து முடித்தவர்கள். அக்கா சுங்கை ரம்பாயில் மாடி இல்லாத வீட்டில் இருக்கிறார். நாங்கள்தான் முதன்முதலாக மாடி வீடு வாங்கினோம். வாங்கும்போது மேலறையில் காற்று நன்றாக வருகிறது என்று பார்த்தோமே தவிர, படியைப் பார்க்கவில்லை. நேராக ஏறும் சிமெண்டுப் படி. நடுவில் திருப்பம் கிடையாது. மேலிருந்து விழுந்தால் கூடத்துத் தரை வரை தடுக்க ஒன்றுமில்லை.

அவள் படியில் மட்டும் ஏறவில்லை. செருப்பு அலமாரியில் ஏறி ஜன்னல் கிரில்லைப் பிடித்துத் தொங்கினாள். சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து, அதையே படியாக்கி அடுப்பு வரை போனாள். சோபாவின் முதுகில் கால் போட்டு உட்கார்ந்தாள். பல தடவை விழுந்தாள். விழுந்தால் அழுவதில்லை. அடிபட்ட இடத்தைத் தன் கையாலேயே தடவிக்கொள்வாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எழுந்து மறுபடி ஏறுவாள்.

பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"அழுதா தேவலைங்க" என்றாள். "தானே தடவிக்கிறதைப் பார்க்க என்னமோ மாதிரி இருக்கு."

முதல் முறை வீட்டைப் பார்க்க வந்த நல இலாகா அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். எங்களைவிட வயது குறைந்தவர். அறைகளைப் பார்த்தார், பிள்ளையின் கட்டிலைப் பார்த்தார், கடைசியில் படியின் கீழே வந்து நின்றார். பிள்ளை அவர் காலுக்குப் பக்கமாகவே புகுந்து மேலே ஏற ஆரம்பித்தாள். அவர் குனிந்து தூக்கிக்கொண்டார். பிள்ளையும் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"சார், வீடு நல்லா இருக்கு. படிக்கு மட்டும் கேட் போட்டுருங்க. மேல ஒன்னு, கீழ ஒன்னு. சும்மா பலகை வச்சு அடைக்கிறதெல்லாம் இந்தப் புள்ளைக்குச் சரிவராது."

"இந்த வாரமே போட்டுர்றேன் புவான்" என்று அந்த அதிகாரியிடம் மரியாதையாகச் சொன்னேன்.

அந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பதில் எனக்கு ஒன்றும் தெரியாது. பால் கலக்கத் தெரியாது, தலைக்குக் குளிப்பாட்டத் தெரியாது, எந்தக் காய்ச்சலுக்கு என்ன மருந்து என்று தெரியாது. ஆனால் உயரத்திலிருந்து ஒருவர் விழாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். ஆலையில் ஏணி போய் முடிகிற இடத்தில் எல்லாம் ஒரு சின்னக் கேட் இருக்கும். ஆள் உள்ளே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். அது சரியாக மூடாவிட்டால் அந்தச் சாரத்தில் யாரையும் ஏற விடமாட்டேன். இதை என் மகளுக்குச் செய்வதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

படியின் அகலத்தை அளந்துகொண்டு மலாக்கா டவுனுக்குப் போனோம். பெரிய கடை. குழந்தைச் சாமான்கள் மட்டும் ஒரு மாடி முழுக்க இருந்தன. கேட்டிலேயே எத்தனையோ வகை. சுவரில் துளை போடாமல் இரண்டு பக்கமும் திருகி அழுத்தி நிறுத்துவது ஒன்று. அதன் அடியில் தரையோடு ஒரு கம்பி ஓடும். கீழே வைக்க அது போதும். மேலே வைத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அந்தக் கம்பி தடுக்கித் தலைகுப்புறப் போவார். பிறகு, குறுக்குக் கம்பி வைத்த மரக் கேட். பார்க்க அழகாக இருந்தது. குறுக்குக் கம்பி என்றால் எங்கள் மகளுக்கு அது ஏணி. இன்னொன்று துணிவலை. ஒரு பக்கத்திலிருந்து இழுத்து மறு பக்கத்தில் மாட்ட வேண்டும். வேண்டாதபோது சுருண்டு உள்ளே போய்விடும். மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நல்லாருக்கே. மெத்துனு இருக்கு."

"துணியை நம்பி எப்படிப் புள்ளையை விடுறது?" என்றேன்.

கடைசியில் நான் எடுத்தது வெள்ளை இரும்புக் கேட். நெட்டுக்குத்துக் கம்பிகள். இடைவெளியில் பிள்ளையின் தலை நுழையாது. கால் வைத்து ஏற ஒன்றும் இல்லை. சுவரில் துளை போட்டு ஆணி திருக வேண்டியது. கொக்கியை மேலே தூக்கி, அதே நேரத்தில் பின்னால் இழுத்தால்தான் திறக்கும். படிப் பக்கமாகத் திறக்காது, நாம் நிற்கும் பக்கம்தான் திறக்கும். கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஒரே மாதிரி இரண்டு எடுத்தேன்.

கடையில் நின்ற சீனப் பெண் மலாயில் கேட்டாள், பிள்ளைக்கு எத்தனை வயது என்று. சொன்னேன். முதல் பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம், என் மகள் என்றேன். வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி என் பக்கம் திரும்பவில்லை. வலைக் கேட்டின் துணியை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து இரண்டு கேட்டையும் பொருத்தினேன். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் கைப்பிடியின் உருண்டைத் தூண். உருண்டையில் ஆணி சரியாகப் பிடிக்காது என்பதால் ஒரு பலகையை அந்த வளைவுக்கு ஏற்றாற்போல் செதுக்கி, தூணோடு இறுக்கி, அதில் கேட்டைத் திருகினேன். முடித்ததும் என் முழு எடையையும் போட்டு உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மனைவி கொக்கியைத் திறந்து மூடிப் பழகினாள். ஒவ்வொரு முறையும் 'டக்'கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு சில நாட்களில் பிள்ளை அடங்கிவிட்டாள்.

அப்படித்தான் நாங்கள் சொன்னோம். செருப்பு அலமாரியில் ஏறுவதில்லை. இழுப்பறையை இழுப்பதில்லை. மனைவி துணி எடுக்க மாடிக்குப் போனால், கீழ்க் கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோடு முதுகை ஒட்டி, காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். கை இரண்டும் மடியில் இருக்கும். மனைவி இறங்கி வந்து கேட்டைத் திறந்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். தூக்கினால் வருவாள். விட்டால் விட்ட இடத்தில் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது சொன்னார்: "பார்த்தியா, கேட் போட்ட ஒடனே எப்படி அடங்கிருச்சுன்னு. எங்க காலத்துல மாடியும் இல்ல, கேட்டும் இல்ல. ஆனா இது நல்ல சாமான்தான்லா."

எனக்கும் அது நல்லதாகவே பட்டது. வீடு பழகிவிட்டது, இனி அலைய வேண்டியதில்லை என்று பிள்ளை நினைக்கிறாள் போலும் என்று நினைத்தேன். ஆனால் மனைவி ஆபீஸில் எடுத்திருந்த விடுமுறையை நீட்டித்தாள்.

ஒரு நாள் மதியம் மழை. சாரத்தில் ஏற முடியாது என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்தேன். மனைவி சமையலறையில் இருந்தாள். பிள்ளை கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தொட்டுவிட்டு, உடை மாற்ற மாடிக்குப் போகலாம் என்று கேட்டைத் திறந்து உள்ளே போனேன். கேட் பின்னால் 'டக்'கென்று மூடியது. இரண்டு மூன்று படி ஏறிவிட்டு, ஏனோ திரும்பிப் பார்த்தேன்.

பிள்ளை கேட்டுக்கு வந்து நின்றாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினாள்.

முகத்தில் அழுகை இல்லை. ஒழுங்காக, சொல்லிக்கொடுத்தபடி, கையை மேலும் கீழுமாக அசைத்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

அப்படியே நின்றுவிட்டேன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி ஒவ்வொரு படியாக இறங்கியது. இல்லத்தில் பிள்ளைகள் இருக்கும் கூடத்து வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கேட் இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எத்தனையோ பிள்ளைகள், பார்த்துக்கொள்ள இரண்டே பெண்கள். கேட் இல்லாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல மனுஷிகள். ஒவ்வொரு ஞாயிறும் விளையாடி முடித்து நாங்கள் கிளம்பும்போது, அதில் ஒரு அம்மா இவளைக் கேட்டுக்கு உள்பக்கம் தூக்கி நிறுத்தி, இவள் கையைப் பிடித்து, "டாட்டா சொல்லு, அங்கிளுக்கு டாட்டா சொல்லு" என்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு காருக்கு நடப்போம். மாதக்கணக்கில். எங்களைப் போல் வேறு யார் யாரெல்லாம் வந்தார்களோ. சிலர் மறுபடி வந்திருப்பார்கள். சிலர் வந்திருக்கமாட்டார்கள்.

அவள் அடங்கவில்லை. நாங்கள் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளில் எத்தனையோ முறை நாங்கள் அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.

இறங்கி வந்து அவளைத் தூக்கினேன். என் ஈரம் அவள் சட்டையில் ஒட்டியது. சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"கேட்டைக் கழட்டிருங்க" என்றாள்.

"அது எப்படி?"

"கழட்டிருங்க. நான் பின்னாலயே போறேன். ஏறட்டும், எறங்கட்டும். நான் பார்த்துக்கிறேன்."

"நாள் பூரா பின்னாலயே போக முடியுமா? ஒரு நிமிஷம் திரும்புனா போதும். விழுந்தா?"

"விழுந்தா தூக்குவேன்."

"தலையில பட்டா அப்பறம் தூக்கி என்ன செய்ய?"

அவள் முகம் மாறிவிட்டது. நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நான் சொன்னது பொய்யும் இல்லை.

"அவ அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கிறதை நீங்க இன்னிக்குத்தான் பார்த்தீங்க" என்றாள் மெதுவாக. "நான் தெனம் பார்க்கிறேன்."

மனைவி சோற்றைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினாள். பிள்ளை சாப்பிட்டாள். எனக்கும் தட்டு வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்ததும் நான் மட்டும் டவுனுக்குப் போய் அதே கடையில் நின்றேன். மனைவி தொட்டுப் பார்த்த அந்தத் துணிவலையை இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வந்தது, சத்தமே இல்லாமல் போனது. கம்பி இல்லை. இல்லத்துக் கேட் மாதிரி இல்லை. என் முழங்காலால் அழுத்திப் பார்த்தேன், தாங்கியது. வாங்கிவிடலாம் என்று கையில்கூட எடுத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். இரும்பானால் என்ன, துணியானால் என்ன, இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் நாங்களும்தான். அவளுக்குத் தெரிய வேண்டியது கேட்டைப் பற்றி இல்லை. பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னேன்.

"சரி. கேட் இருக்கட்டும்" என்றாள். "போனா வருவோம்னு அவளுக்குத் தெரியணும். அது தெரியிற வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வருவோம்."

அன்றிலிருந்து அப்படிச் செய்தோம். காலையில் நான் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை. மாலையில் திரும்பியதும் ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் மனைவி. கேட்டைத் தாண்டிப் போய், முதல் படியிலேயே அவள் முகத்துக்கு நேராக உட்காருவோம். கேட் மூடும். அவள் கையைத் தூக்குவாள். மனைவி கம்பிக்கு ஊடாகக் கையை விட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"டாட்டா வேணாம்டி தங்கம். அம்மா இங்கதான் இருக்கேன். பாரு, வந்துட்டேன்."

உடனே திறந்து வெளியே வருவோம். மறுநாள் ஒரு படி மேலே. பிறகு பாதிப் படி. பிறகு அவள் கண்ணுக்கு மறைந்து, குரல் மட்டும் கேட்கும்படி. மனைவி மேலே துணி மடித்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவாள். சட்டையை மடிக்கிறேன், அப்பா சட்டை எவ்வளவு அழுக்கு பாரு, இதோ முடிஞ்சிருச்சு, இதோ வர்றேன் என்று. எனக்குப் பேச வராது. நான் படிக் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே ஏறுவேன், தட்டிக்கொண்டே இறங்குவேன். கேட்டின் கொக்கி படுகிற இடத்தில் ரப்பர் துண்டு ஒன்றை ஒட்டினேன். மூடும்போது அந்தச் சத்தம் வராது. கேட் இறுக்கமாக மூடுகிறதா என்று தினமும் இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றும் மாறவில்லை. வாரங்கள் போயின. அவள் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். ஒரு பெரிய காயத்துக்கு நாங்கள் ஏதோ சின்னப் பஞ்சை வைத்து ஒற்றிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தோன்றியிருக்கும்.

அந்தச் சமயத்தில் ஆலையில் ஒரு பகுதியை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை வந்தது. எங்களுக்கு அதுதான் வேலை நெருக்கும் காலம். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். ஞாயிறும் வேலை. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அவளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வாசல் கிரில்லைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, இதுவும் அவளுக்கு ஒரு கேட்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே விட்டார்கள். தாமானுக்குள் திரும்பி மோட்டாரை அணைத்தபோது உள்ளே பிள்ளை கத்தும் சத்தம் கேட்டது. எங்கள் வீடு என்று முதலில் நினைக்கவில்லை. பக்கத்து வீடு என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை.

வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளை எனக்கு முதுகைக் காட்டியபடி கீழ்க் கேட்டில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். காலால் உதைத்தாள். "ம்மா! ம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்திவிட்டு, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி கத்தினாள். மேலே, படியின் நடுவில், துவைத்த துணிகளை மார்போடு அணைத்தபடி என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கூப்பிடுறா" என்றாள். "என்னைக் கூப்பிடுறா."

இறங்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். துணிகளெல்லாம் சரிந்து கீழே வந்தன. பிறகுதான் எழுந்து ஓடி வந்து கேட்டைத் திறந்தாள். பிள்ளை அவள் மேல் விழுந்து, கையை மடக்கி அவள் மார்பிலும் தோளிலும் குத்தினாள். கோபம் தீரும்வரை குத்தினாள். மனைவி தடுக்கவில்லை. நான் பூட்ஸைக் கழற்றாமலேயே உள்ளே போய் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் சரிந்து கிடந்த துணிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் அமைதி போய்விட்டது. கேட் மூடினால் கத்துவாள். விழுந்தால் கத்துவாள். பால் ஆறாவிட்டால் கத்துவாள். ஜன்னல் கிரில்லில் மறுபடி தொங்கினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு மேலே ஏறப் பார்த்தாள். அன்றைக்கே வீட்டில் இருந்த சின்ன நாற்காலிகளை எல்லாம் கட்டி அறையில் வைத்துப் பூட்டினேன்.

"முன்ன எவ்வளவு அடக்கமா இருந்துச்சு" என்றார் அக்கா. "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க ரெண்டு பேரும்."

மனைவி அக்காவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கேட் மட்டும் போதாது, படியில் இறங்கவும் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று பிறகு முடிவு செய்தோம். கேட்டைத் திறந்து வைத்து, நான் கீழ்ப் படியில் நிற்க, அவள் குப்புறப் படுத்துக் காலைக் கீழே விட்டு ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்குவாள். சீக்கிரமே பழகிவிட்டாள். பழகியதும் அது அவளுக்குப் போதவில்லை. பெரியவர்கள் மாதிரி நின்று இறங்க வேண்டும். கையைக் கொடுத்தேன். ஒரு விடுமுறை நாள் காலையில், பசியாறிவிட்டு, அப்படி என் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தவள், தரைக்கு இன்னும் இரண்டு மூன்று படி இருக்கும்போது என் விரலை உதறிவிட்டுக் குதித்தாள்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். கை நீட்டும் தூரத்தில் இருந்தேன். முகவாய் தரையில் பட்டுப் பிளந்துவிட்டது. அவ்வளவு சின்ன முகத்திலிருந்து அவ்வளவு ரத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. மனைவி ஒரு துண்டை வைத்து அழுத்திப் பிடித்தாள். நான் காரை ஓட்டினேன். வழியெல்லாம் "ப்பா, வலி, ப்பா, வலி" என்று பின் சீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கிளினிக்கில் தையல் போட்டார்கள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நல இலாகா அதிகாரி வருவதாக இருந்தது. தத்து இன்னும் முடிவாகவில்லை. முகவாயில் கட்டோடு பிள்ளையைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று நாங்கள் இருவரும் கலங்கிப்போனோம். வராமல் தள்ளிப்போடச் சொல்லலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் வந்ததும், உட்காரும் முன்பே, நடந்ததைச் சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்திருந்தாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன், கேட் திறந்திருந்தது, நான்தான் திறந்து வைத்தேன் என்று.

அவர் எழுந்து போய்க் கேட்டை உலுக்கிப் பார்த்தார். ரப்பர் துண்டைத் தொட்டார். பிறகு பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். பிள்ளை மனைவியின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சேலையை வாயில் கவ்வியபடி அழ ஆரம்பித்தாள். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"மொத தடவை வந்தப்ப என் தோள்ல அப்படியே சாஞ்சுக்கிட்டா" என்றார். "யார் தூக்குனாலும் போவா அப்ப."

மனைவியின் கை பிள்ளையின் தலையில் இருந்தது.

"புள்ளைங்க விழும் சார். அதை நான் எழுதிக்கிறேன். எங்கிட்ட வரமாட்டேங்கிறா, அதையும் எழுதிக்கிறேன். அது நல்ல விஷயம்தான்" என்றார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. தத்து உத்தரவுக்கான விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. மனைவி மறுபடி ஆபீஸுக்குப் போகிறாள். பிள்ளையைக் காலையில் ஒரு பாலர் பள்ளியில் விடுகிறோம். விடும்போது அழுகிறாள், வகுப்பறைக்குள் போனதும் நிறுத்திவிடுகிறாள் என்று சொல்கிறார்கள். நான் இன்னமும் கொஞ்ச நேரம் ரோட்டோரமாக மோட்டாரை நிறுத்திவிட்டு, அழுகை நிற்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஆலைக்குப் போகிறேன். அவளுக்கு அந்த இல்லத்தைப் பற்றி என்ன நினைவு இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கும் வயது வந்தால் எல்லாவற்றையும் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.

மேல்மாடிக் கேட்டைப் போன மாதம் கழற்றிவிட்டேன். கீழே இருப்பதைக் கழற்ற மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கொக்கியைத் தூக்கி இழுத்துத் திறக்கப் பிள்ளையே கற்றுக்கொண்டுவிட்டாள், இனி அதனால் என்ன பயன் என்கிறாள். இந்த மழைக்காலம் போகட்டும், படி ஈரமாக இருக்கிறது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.